சோதனை செய்தவருக்கு மெமோவா?

எங்கள் அலுவலகத்தில் போன வாரம் பவர் பேக்கப் சோதனை சொதப்பியது. சோதனையை நடத்திய எலக்ட்ரீசியனுக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

நடந்தது இதுதான். முன்கூட்டியே எல்லோருக்கும் மெயில் போட்டுவிட்டு (யாரும் படிக்கவில்லை, அது வேறு கதை) சனிக்கிழமை காலை மெயின் சப்ளையை நிறுத்தினார். யூபிஎஸ் முகப்பில் பேட்டரி நூறு சதவீதம் என்று பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகி லோடு (கருவிகள் இழுக்கும் மின்சாரம்) எடுக்கச் சில விநாடிகள் பிடிக்கும். அந்த இடைவெளியைத் தாங்கத்தான் யூபிஎஸ். அதையே அது தாங்கவில்லை, சர்வர்கள் மொத்தமாக அணைந்தன. சரி, ஜெனரேட்டராவது வந்ததே என்று பார்த்தால், ஏசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்ததில் பிரேக்கர் ட்ரிப். சர்வர்களை ஒவ்வொன்றாக ஏற்றி டேட்டாபேஸைச் சரிபார்த்து முடிப்பதற்குள் சாயங்காலமாகிவிட்டது.

இதில் எதை அவர் கெடுத்தார்? யூபிஎஸ் பேட்டரிகளை வரிசையாகக் கோத்திருப்பார்கள். அதில் ஒன்று உள்ளுக்குள் செத்திருந்தாலும் மொத்த வரிசையும் கவிழும். சார்ஜில் இருக்கும்வரை வோல்டேஜ் சரியாகவே காட்டும், லோடு ஏறினால்தான் குட்டு வெளிப்படும். பொதுவாக யூபிஎஸ்களில் வைக்கும் லெட் ஆசிட் பேட்டரிகள் 3 முதல் 5 ஆண்டுகள் உழைக்கும், அறை சூடாக இருந்தால் அதுவும் இல்லை. எங்களுடையவை அந்தக் கெடுவை எப்போதோ தாண்டியவை. மாற்றச் சொல்லி அவர் கொடுத்த கோரிக்கை மேலே யாரோ ஒருவர் மேசையில் தூங்குகிறது.

ஜெனரேட்டர் கதை இன்னும் மோசம். வாராவாரம் ஓட்டுகிறோம், லாக் புத்தகத்தில் கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் லோடே இல்லாமல் ஓட்டுகிறோம்! இன்ஜின் உறுமுவதைக் கேட்டுவிட்டு நிறுத்துவது சோதனை ஆகாது. போதிய லோடு இல்லாமல் டீசல் இன்ஜினை ஓட்டிக்கொண்டே இருந்தால் எரியாத எண்ணெய் புகைக்குழாயில் கறுப்பாகப் படிந்து இன்ஜினுக்கே கேடு. அமெரிக்காவின் தீப் பாதுகாப்புச் சங்கம் வகுத்த என்எஃப்பிஏ 110 விதி, அவசரகால டீசல் ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை, குறைந்தது அதன் திறனில் 30 சதவீத லோடில், 30 நிமிடம் ஓட்டச் சொல்கிறது. லோடோடு ஒரே ஒருமுறை ஓட்டியிருந்தால், ஏசிகளைச் சிறிது சிறிதாக இடைவெளி விட்டு ஏற்ற வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அலுவலகத்தில் ஒருவர், “செர்னோபில் அணு உலையும் இப்படி ஒரு சோதனையில்தானே வெடித்தது” என்றார். உண்மைதான். 1986 ஏப்ரல் 26 அன்று அங்கே பார்த்ததும் இதே இடைவெளியைத்தான்: மின்சாரம் போய், டீசல் ஜெனரேட்டர்கள் முழு வேகம் எடுக்கும்வரை, சுழன்று ஓயும் டர்பைனே பம்புகளுக்கு மின்சாரம் தருமா என்று. ஆனால் அங்கே சோதனை பல மணி நேரம் தள்ளிப்போய், அதற்குத் தயாராகாத இரவு ஷிஃப்ட்டின் தலையில் விழுந்தது. பாதுகாப்பு அமைப்புகள் சிலவற்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். உலையின் வடிவமைப்பிலேயே கோளாறு இருந்தது, அது இயக்கியவர்களுக்கு முழுதாகச் சொல்லப்படவும் இல்லை. இதை வைத்து ‘சோதிக்காதே’ என்று வாதாடுவது எப்படி? தயாராகிவிட்டுச் சோதி என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அந்த வகையில் எங்களிடமும் குறை உண்டு. சர்வர் டீமிலிருந்து ஒருவர்கூடப் பக்கத்தில் நிற்கவில்லை, முக்கியமான சர்வர்களை முதலில் முறையாக நிறுத்தி வைக்கவும் இல்லை. அது நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டியது. எலக்ட்ரீசியன் உத்தரவு போட்டால் யார் கேட்பார்கள்?

ஆளில்லாத சனிக்கிழமை, பக்கத்திலேயே எலக்ட்ரீசியன், கையெட்டும் தூரத்தில் மெயின் சப்ளை. விழுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. இதே கோளாறு மாதக் கடைசியில், சம்பளம் போடும் நாளில், நிஜமாகவே கரண்ட் போய் வெளிப்பட்டிருந்தால்?

இப்போது புது உத்தரவு வேறு: மேலிட அனுமதி இல்லாமல் மெயினைத் தொடக் கூடாதாம். ஆக, இனி யாரும் தொடமாட்டார்கள். லாக் புத்தகத்தில் மட்டும் வாராவாரம் கையெழுத்து விழும்.

மெமோவுக்கு அவர் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார். பேட்டரி கேட்டு அனுப்பிய பழைய கோரிக்கையின் நகலையும் தேதியோடு சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.