கூப்பிடவில்லை, ஆமாம்

தம்பி கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை என்று ஒன்றுவிட்ட பெரியப்பா கோபமாகப் பேசிய அந்த ஆடியோவைக் கேட்காதவர்கள் எங்கள் சொந்தத்தில் இனி யாரும் பாக்கி இல்லை என்று நினைக்கிறேன். குடும்பக் குரூப்பில் வந்தது, அங்கிருந்து பங்காளிகள் குரூப்புக்குப் போனது, நேற்று என் ஆபீஸில் வேலை பார்க்கும் உசிலம்பட்டிப் பையன் "அக்கா, இது உங்க பெரியப்பாவா?" என்று கேட்டு எனக்கே அனுப்பி வைத்தான். அதனால் "வீட்டு விஷயத்தை ஏன்மா ஃபேஸ்புக்ல எழுதுற" என்று யாரும் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம். வாசலைத் தாண்டி அதைக் கொண்டுபோனது நான் இல்லை.

விஷயம் சின்னது. தம்பியும் அந்தப் பெண்ணும் அவர்கள் சம்பாதித்த காசில், அவர்களே முடிவு செய்து, மதுரையில் ஒரு சின்ன மண்டபம் பிடித்தார்கள். ஒரு பந்திக்கு 60 இலை விழும். இரண்டு பந்தி, 120 பேர், பாதி பெண் வீட்டுக்கு, பாதி எங்களுக்கு. எங்கள் 60இல் அப்பாவோடு பிறந்தவர்கள், அம்மாவோடு பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், என் மாமியார் வீட்டில் நாலு பேர், தம்பியின் நண்பர்கள், அப்பா படுக்கையில் இருந்தபோது அவரை ஆட்டோவில் ஏற்றி இறக்கிய பக்கத்து வீட்டு அண்ணன். அவ்வளவுதான், தீர்ந்துவிட்டது. ஒன்றுவிட்ட பெரியப்பா வரைக்கும் அந்தப் பட்டியல் நீளவில்லை. இடமில்லை, அதனால் கூப்பிடவில்லை. இதைத்தான் அம்மா போனில் அழுதுகொண்டே சொன்னார், தம்பி பொறுமையாகச் சொன்னான், நான் இப்போது எழுதிச் சொல்கிறேன். இடமில்லை, கூப்பிடவில்லை.

"அவர் ஒருத்தரை மட்டுமாவது கூப்பிட்டிருக்கலாமே" என்று இதைப் படிக்கும்போதே யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. ஒருத்தர் என்று நம் பக்கம் யாராவது உண்டா சொல்லுங்கள். பெரியப்பாவுக்கு வைத்தால் அவருடைய தம்பிகள் இருவருக்கும் வைக்க வேண்டும். தம்பிகளுக்கு வைத்துவிட்டு திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்த அத்தைக்கு வைக்காமல் இருக்க முடியாது. அத்தைக்கு வைத்தால் அவர் மகன்கள் நாலு பேருக்கும் தனித்தனியாக வைக்க வேண்டும், ஏனென்றால் அந்த வீட்டில் அடுப்பு நாலாகி ரொம்ப நாள் ஆகிறது, ஒரு பத்திரிகையில் நாலு பேரையும் சேர்த்து எழுதினால் அதற்குத் தனி ஆடியோ வரும். மகன்களுக்கு வைத்தால் சம்பந்திகளுக்கு. ஒரே ஒரு பெரியப்பாவிலிருந்து ஆரம்பித்து அரை மணி நேரத்தில் முப்பது பேர் தாண்டிப் போய்விட்டோம், அம்மாவும் நானும் நிஜமாகவே நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தோம். திண்டுக்கல் அத்தையை நினைத்தால் மட்டும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதவரைப் பற்றி இங்கே என்ன எழுத.

அடுத்தது, "வர வேண்டாம்னாலும் பத்திரிகையாவது அனுப்பியிருக்கலாம்" என்கிற கட்சி. இவர்களிடம்தான் எனக்கு ரொம்பக் கேள்வி இருக்கிறது. எப்படி அனுப்புவது? நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, அடுத்து தாய்மாமனுக்கு, அப்புறம் ஒவ்வொரு வீடாகப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம் எல்லாம் வைத்து, வீட்டில் பெரியவர் நின்று வாங்குகிற மாதிரி கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பினால் "கொரியர் பார்ட்டி" என்று பெயர். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் "பால்காரனுக்கு அனுப்புற மாதிரி அனுப்பிருக்கா". நேரில் போய் அவர் இல்லாத நேரத்தில் மருமகளிடம் கொடுத்துவிட்டு வந்தால், "என்கிட்ட வைக்கலயே". இத்தனையும் செய்து பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டு, "ஆனா வந்துராதீங்க பெரியப்பா, இலை கணக்கு" என்று சொல்லச் சொல்கிறீர்களா? சொல்லியிருந்தால் ஆடியோ எட்டு நிமிடம் போயிருக்கும்.

தம்பி சென்னையில் இருப்பதால் ஆண்டர்சன் தெருவில்தான் பத்திரிகை எடுத்தான். நூறு போதும் என்றதும் கடைக்காரர், "சாம்பிளா சார்?" என்று கேட்டாராம். அவரும் என்ன செய்வார் பாவம், வருகிறவர்கள் எல்லாம் ஆயிரத்துக்குக் குறைந்து கேட்பதில்லை.

ஆடியோவில் ஒரு இடத்தில், "ஊரைக் கூட்டாம, சொந்தத்தைக் கூட்டாம பண்றதெல்லாம் ஒரு கல்யாணமா" என்று வருகிறது. பெரியப்பா பழைய கட்சிக்காரர், மேடை ஏறிப் பேசியவர், அதனால் அவருக்குத் தெரிந்த விஷயத்தையே சொல்கிறேன். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம், இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு. அதில் உறவினர்கள், நண்பர்கள் அல்லது வேறு யாராவது முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும் என்றுதான் இருக்கிறது. "அல்லது" போட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள், ஒன்றுவிட்ட பெரியப்பா கட்டாயம் என்று எங்கும் இல்லை. 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்துக்கு மூன்று சாட்சி போதும். நாங்கள் 120 பேருக்கு இலை போட்டிருக்கிறோம். சட்டத்துக்குப் போதும் பெரியப்பா, உங்களுக்குத்தான் போதவில்லை.

இன்னொன்று. 2020இல் கொரோனா நேரத்தில் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று அரசாங்கம் சொன்னதே, அப்போது இதே பெரியப்பா வீட்டில் மகன் கல்யாணம் நடந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வாங்கிக்கொண்டிருந்த நாட்கள். எங்களைக் கூப்பிடவில்லை. எங்கள் அம்மா கோபித்துக்கொண்டாரா? போனை நீளவாக்கில் சாய்த்து வைத்து யூடியூப் லைவில் தாலி கட்டுகிறவரை பார்த்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே அட்சதையை ஸ்கிரீன் மேல் போட்டார். மொய்யை நான் கூகுள் பே பண்ணினேன். அடுத்த ஜனவரியில் மதுரையில் ஒரு வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் மொய்க்கு க்யூஆர் கோடு அச்சடித்தது செய்தியில் எல்லாம் வந்தது, நாங்கள் அதற்கு முன்பே அனுப்பிவிட்டோம் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். ஒருவருக்கும் அது அவமானமாகத் தெரியவில்லை. அரசாங்கம் 50 என்று சொன்னால் சூழ்நிலை, இரண்டு பிள்ளைகள் தங்கள் சம்பளத்தைப் பார்த்து 120 என்று சொன்னால் திமிர். இதில் இருக்கிற நியாயத்தை யாராவது எனக்குக் கொஞ்சம் விளக்குங்கள்.

மொய் பேச்சு வந்துவிட்டதால் அதையும் பேசிவிடலாம். "நாங்க செஞ்ச செய்முறை எல்லாம் என்ன ஆச்சு" என்று ஆடியோவில் கேட்டிருக்கிறார். புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம், கீரமங்கலம், பேராவூரணி ஊர்களில் ஆடி வந்தால் மொய் விருந்து வைப்பார்கள். பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, இது மொய் வாங்கத்தான் என்று பத்திரிகையிலேயே சொல்லிவிடுவார்கள். போனவர்கள் எழுதுவார்கள், இவர்கள் திருப்பிச் செய்வார்கள், ஒளிவுமறைவு கிடையாது. எனக்கு அது மரியாதையாகத் தெரிகிறது. நம் பக்கம் அதே கணக்கை நோட்டில் எழுதி, இப்போது கம்ப்யூட்டரில் தட்டி ரசீதும் கொடுத்துவிட்டு, அதற்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். உங்கள் காசு எங்கேயும் போகவில்லை. நோட்டு அம்மாவின் பீரோவில்தான் இருக்கிறது. தம்பி கல்யாணத்தில் மொய்யே வாங்கவில்லை என்பதால், உங்களுக்கு இதில் ஒரு ரூபாய் நஷ்டமும் இல்லை.

என் கல்யாணம் எப்படி நடந்தது என்று உங்களில் நிறையப் பேருக்கு நினைவிருக்கும். 900 பேர். இந்தக் கோபக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், வாசலில் ஃப்ளெக்ஸில் எல்லோருடைய படமும் இருந்தது, யார் படம் யார் படத்துக்குக் கீழே வந்தது என்று அதற்கும் ஒரு சண்டை நடந்தது. நான் மேடையில் நின்று தெரியாத முகங்களைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தேன், காலையில் போட்ட மாலை கழுத்தை அறுத்தது, சாப்பிடக்கூட இல்லை. வந்த மொய் சமையல்காரருக்கும் மண்டப வாடகைக்குமே பத்தவில்லை. அம்மாவின் நகையை வைத்துத்தான் அப்பா மிச்சத்தைக் கட்டினார். அந்த நகையை மீட்டது அப்பா போன பிறகு, தம்பியின் முதல் இன்சென்டிவில். இப்படி ஒரு கடனைப் பார்த்து வளர்ந்த பையன் தன் கல்யாணத்துக்கு 120 பேர் போதும் என்று சொன்னால் அவன் கருமி. சரி.

"எல்லாம் சரிம்மா, நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா யார் வருவா?" இதைக் கேட்காமல் ஒருத்தரும் முடிப்பதில்லை. நல்லதுக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போக வேண்டும் என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்? அப்பா ஐசியூவில் கிடந்தபோது நாங்கள் யாருக்கும் பத்திரிகை அடித்திருக்கவில்லை, கதவைப் பூட்டியும் வைத்திருக்கவில்லை. யார் வந்தார்கள், யார் வெளியே பெஞ்சில் தூங்கினார்கள், யார் கருமாதிக்கு வந்து சாப்பாட்டில் உப்பு பத்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள் என்று அம்மா மறக்கலாம். எனக்கு மறக்கிற வயசு இன்னும் வரவில்லை.

இடமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத முடியவில்லை.

பெரியப்பாவின் மூத்த மகள் கல்யாணம். அப்பா போய் ஒரு வருஷம் முடிந்திருந்தது. பத்திரிகை முறையாகத்தான் வைத்தார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்து, தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்து, "நீ முன்னாடி நின்னு நடத்திக்கொடுக்கணும் தாயி" என்றார்கள். அம்மா ஒரு நாள் முன்னாலேயே போய் காய் நறுக்குவதிலிருந்து எல்லாம் செய்தார். முகூர்த்த நேரத்தில் தாலித் தட்டை எல்லோரிடமும் தொட்டுக் கும்பிடக் கொண்டுவந்தார்கள். அம்மா கையை நீட்டினார். பெரியம்மா தட்டை அப்படியே நகர்த்திக்கொண்டு போய்விட்டார். போகும்போது மெதுவாக, யாருக்கும் கேட்காத மாதிரி, "நீ பந்திப் பக்கம் கொஞ்சம் பாத்துக்க" என்றார். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. அம்மா பந்திக்குப் போய் பாயாசம் ஊற்றினார். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணம் நல்லா நடந்ததா என்று கேட்ட பக்கத்து வீட்டு அக்காவிடம், "ரொம்ப நல்லா பண்ணினாங்க" என்றார்.

பத்திரிகை வைத்தார்கள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

இப்போது வருகிற கமென்ட் எனக்குத் தெரியும். "அது பழைய காலத்து ஆளுங்க, அவங்களுக்குச் சொல்லித் தந்தது அப்படி". சரி. "பெரியவர், கோபத்துல பேசிட்டார்". சரி. ஆடியோவின் மூன்றாவது நிமிடத்தில் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை வருகிறது, தம்பி கல்யாணத்தில் யார் தாலியை எடுத்துக் கொடுத்தது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு பேசுகிற வார்த்தை. அதை நான் இங்கே எழுத மாட்டேன். கேட்டவர்களுக்குத் தெரியும். கேட்டுவிட்டு குரூப்பில் கும்பிடு போடும் எமோஜி போட்ட 14 பேருக்கும் நன்றாகவே தெரியும். ஆமாம், அம்மாதான் எடுத்துக் கொடுத்தார். பெண்ணின் அம்மாவும் எங்கள் அம்மாவும் சேர்ந்து தட்டைப் பிடித்திருந்தார்கள், 120 பேரும் பார்த்தார்கள், ஒருவர் முகமும் கோணவில்லை. அந்த 120 பேரை ஏன் அப்படிப் பொறுக்கி எடுத்தோம் என்று இப்போதாவது புரிகிறதா? மண்டபத்தில் ஆயிரம் இலை விழுந்திருந்தாலும், தட்டை நகர்த்திய கைக்கு அதில் ஒரு இலை இருந்திருக்காது. தம்பிக்கு இது தெரியாது, அவன் இடமில்லை என்றே நம்பிக்கொண்டிருக்கிறான். பட்டியலை எழுதியது நான்.

பெரியப்பா பேரனுக்குக் காதுகுத்து வருகிறதாம், எங்களுக்குப் பத்திரிகை கிடையாது என்று ஆடியோவிலேயே சொல்லிவிட்டார். நல்லது, ஒரு நாள் லீவு மிச்சம். நோட்டில் அவர்கள் பெயருக்கு நேராக 2,001 இருக்கிறது. அதற்கு மேல் 500 சேர்த்து அனுப்பச் சொல்லி அம்மா காலையிலேயே என்னிடம் சொல்லிவிட்டார். எனக்கு இஷ்டமில்லை, ஆனாலும் அனுப்புவேன்.

மற்றவர்களுக்கு ஒன்று. கல்யாணம் பற்றிக் கேட்க வேண்டியது இருந்தால் எனக்குப் போன் பண்ணுங்கள். என் நம்பர் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது, எல்.ஐ.சி. பாலிசி விற்க மட்டும் சரியாகக் கூப்பிடுகிறீர்கள். அம்மாவின் போனை ஒரு வாரத்துக்கு நான் வாங்கி வைத்திருக்கிறேன், அதில் யார் கூப்பிட்டாலும் எடுப்பது நான்தான்.