மழை அங்கே, வெயில் இங்கே, பள்ளி திறப்பு மட்டும் ஒரே நாளில்

நேற்று மாலை பள்ளியிலிருந்து திரும்பிய என் மகளின் சட்டைக் காலரில் ரத்தக் கறை இருந்தது. பிற்பகல் முதல் பாடவேளையில் சில்லுமூக்கு உடைந்து ரத்தம் கொட்டியதாகவும், ஆசிரியை தலையில் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் மூக்கைப் பிடித்து, வேப்பமரத்தடியில் உட்கார வைத்ததாகவும் அவள் சொன்னாள். அவளுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்புக்குப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த ஆசிரியையின் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவரும் அதே அனலில் நின்றுகொண்டுதான் பாடம் நடத்துகிறார். என் கோபமெல்லாம், கொடைக்கானலுக்கும் கோடியக்கரைக்கும் சேர்த்து ஒரே நாளில் பள்ளியைத் திறக்கச் சொல்லும் அந்த ஒற்றைத் தேதியின் மீதுதான்.

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையில் உள்ள ஒரு சிற்றூரில் நாங்கள் வசிக்கிறோம். டெல்டா என்றாலே பச்சைப்பசேல் என்று நினைப்பவர்கள், ஜூன் மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு நாள் இங்கே வந்து பார்க்க வேண்டும். உளுந்தும் பயறும் எடுத்த வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வாய்க்காலில் காட்டாமணக்கு மட்டும் நிற்கும். குளத்தில் அடிமண் தெரியும். மேட்டூர் அணை வழக்கப்படி திறக்கப்படுவதே ஜூன் 12ஆம் தேதிதான். அங்கிருந்து கல்லணைக்கு வந்து, அங்கே பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் சிறு கன்னி வாய்க்காலாகி, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர மேலும் பல நாட்கள் ஆகும். 2024ஆம் ஆண்டில் அணையில் போதிய இருப்பு இல்லாமல் ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். வயலில் தண்ணீர் நின்று நாற்று பச்சை பிடித்தால்தான் எங்கள் காற்றில் சூடு தணியும் என்று, வாழ்நாள் முழுவதும் உழவு செய்த என் மாமனார் சொல்வார். அந்தத் தண்ணீர் வருவதற்கு முன்பே பள்ளி மணி அடித்துவிடுகிறது.

என் தங்கையைப் பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பள்ளி திறந்த மறுநாள் காலையில் அவள் பேசினாள். "அக்கா, இங்க ராத்திரியெல்லாம் சாரல். பையனுக்கு வெந்நீர் வெச்சுத்தான் குளிப்பாட்டி அனுப்புறேன்" என்றாள். நான் அப்போது என் மகளின் கழுத்திலும் முதுகிலும் சிவந்து கிடந்த வேர்க்குருவுக்கு நுங்குச் சாறு தடவிக்கொண்டிருந்தேன். இரண்டு பிள்ளைகளும் ஒரே மாநிலத்தில், ஒரே பாடநூலோடு, ஒரே நாளில் பள்ளிக்குப் போனவர்கள். ஒருத்தி அனலில் வெந்து வந்தாள். மற்றவன் குளிர்ந்த காற்றில் போய் வந்தான். தங்கையின் பிள்ளை நன்றாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. அவனுக்குப் பொருந்தும் நாள் என் மகளுக்கும் பொருந்தும் என்று எந்த அடிப்படையில் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

ஜூன் பிறந்தவுடன் "கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது" என்று செய்தி வாசிக்கிறார்கள். அதைக் கேட்டதும் தமிழகம் முழுவதும் கோடை முடிந்துவிட்டது போன்ற ஒரு நினைப்பு எல்லோருக்கும் வந்துவிடுகிறது. அந்தப் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கத்துச் சரிவிலேயே இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் வறண்டு, சூடேறி இறங்குகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சியையும் கோயம்புத்தூரையும் குளிர்விக்கிறது. தென்காசிப் பக்கம் குற்றாலத்தில் அருவி கொட்டத் தொடங்குகிறது. ஆனால் அதே காற்று, வெயிலில் காய்ந்த சமவெளி முழுவதையும் கடந்து, வழியெல்லாம் சூட்டை வாரிக்கொண்டு கடைசியாக எங்களிடம்தான் வந்து சேர்கிறது. அது பலமாக வீசும் நாட்களில் கடல்காற்றையும் உள்ளே விடாமல் தடுத்துவிடுகிறது. நண்பகலுக்கு முன்பே கரையேற வேண்டிய கடல்காற்று மாலை வரை வராது. வந்த பிறகு ஈரம் கூடி, வியர்வை உலராமல் புழுக்கம் பிடித்துக்கொள்ளும். சில மாலைகளில் இடியோடு ஒரு மழை பெய்யும் என்பது உண்மைதான். மறுநாள் காலை பத்து மணிக்குள் அந்த ஈரமும் ஆவியாகிவிடும். நாகப்பட்டினம், திருவாரூர்ப் பக்கத்தில் ஜூன் மாத வெயில் மே மாத வெயிலுக்குச் சற்றும் குறைந்ததில்லை.

இதைக் கண்டுபிடிக்க அறிவியல் ஆய்வுகூடம் தேவையில்லை. கிழக்கிலிருந்து வரும் காற்றைக் கொண்டல் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் நம் முன்னோர் அழைத்தார்கள். மேல்காற்றுக்கும் வெயில் காலத்துக்கும் ஒரே பெயரை வைத்த மொழியில் இருந்துகொண்டு, மேல்காற்று தொடங்கினால் வெயில் முடிந்துவிட்டது என்று நாம் நாட்காட்டி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

கத்திரி வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28 அல்லது 29ஆம் தேதியோடு அக்னி நட்சத்திரம் முடிந்துவிடுகிறது என்பது, சூரியன் பரணி, கார்த்திகை, ரோகிணி நட்சத்திரங்களைக் கடக்கும் பஞ்சாங்கக் கணக்கு. கணக்கு முடிந்த நாளோடு எங்கள் ஊரில் வெயில் முடிந்துவிடுவதில்லை. அது தணிவதற்குள்ளாகவே எங்கள் பிள்ளைகள் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள்.

அரசுக்கு இது தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2023ஆம் ஆண்டில் வெயிலைக் காரணம் காட்டித்தான் முதலில் ஜூன் 7ஆம் தேதிக்கும், பிறகு ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 12ஆம் தேதிக்கும், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 14ஆம் தேதிக்கும் பள்ளி திறப்பைத் தள்ளி வைத்தார்கள். 2024இல் ஜூன் 6ஆம் தேதி என்று சொல்லிவிட்டுப் பிறகு 10ஆம் தேதிக்கு மாற்றினார்கள். 2025இல் ஜூன் 2ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். தள்ளி வைத்தபோது நீலகிரிக்கும் சேர்த்துத் தள்ளி வைத்தார்கள். தள்ளி வைக்காதபோது நாகப்பட்டினத்துக்கும் சேர்த்தே திறந்தார்கள். தள்ளி வைப்பதும் பள்ளி திறக்கச் சில நாட்களே இருக்கும்போதுதான். சொந்த ஊருக்குப் போனவர்களைத் திரும்ப அழைத்து, சீருடை தைத்து, வேன் கட்டணம் கட்டி முடித்த பிறகு வரும் அறிவிப்பால் யாருக்கும் நிம்மதி இல்லை. ஆண்டின் தொடக்கத்திலேயே மாவட்ட வாரியாக ஒரு தேதியைச் சொல்லிவிடுவதில் என்ன தடை இருக்கிறது?

வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். என் மகளின் வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு மின்விசிறிகள். மின்சாரம் நின்றுவிட்டால் அவையும் இல்லை. தலைக்கு மேலே சிமெண்ட் அட்டைக் கூரை. பதினோரு மணிக்குமேல் அதிலிருந்து இறங்கும் சூட்டில் பலகையே சுடுகிறது என்கிறாள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்த மண் இது. அதன் பிறகு பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகளை அகற்றினார்கள். அது செய்தே ஆக வேண்டிய செயல், அதில் மாற்றுக் கருத்துக்கு இடமே இல்லை. ஆனால் கீற்று இருந்த இடத்தில் தகரமும் அட்டையும் போதும் என்று எத்தனை இடங்களில் விட்டுவிட்டோம்? தீயிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று உறுதி எடுத்த நாம், அனலிலிருந்து அவர்களைக் காப்பதும் அதே உறுதியில் அடங்கியது என்பதை மறந்துவிட்டோம்.

தண்ணீர் குடிக்கச் சொல்லி மணி அடிக்கும் ஏற்பாடு நல்லதுதான். இருந்தாலும் என் மகள் கொண்டுபோகும் தண்ணீர்ப் போத்தலில் முக்கால் பங்கு அப்படியே திரும்பி வருகிறது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால், கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும் என்பதால் குடிக்கவில்லை என்கிறாள். அங்கே குழாயில் தண்ணீர் வருவதில்லை. காலையில் குடித்த ஒரு டம்ளர் தண்ணீரோடு மாலை வரை அனலில் உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தைகள் இந்த வட்டாரத்தில் எத்தனை பேர் என்று யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறார்களா? நீர்க்கடுப்போடும் காய்ச்சலோடும் பிள்ளைகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் தாய்மார்களோடு நானும் வரிசையில் நின்றிருக்கிறேன்.

இனி மழையின் கணக்கைப் பார்ப்போம். எங்கள் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. அந்த மாதங்களில் புயல் சின்னம் உருவாகும்போதெல்லாம் மாவட்ட ஆட்சியர் அன்று அதிகாலையிலேயே விடுமுறை அறிவிக்கிறார். அது சரியான முடிவு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பிள்ளைகள் எத்தனை நாட்களை இழந்தார்கள் என்பது இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். ஆக, மழையில் இழக்கும் நாட்களும் எங்களுக்குத்தான், வெயிலில் வெந்து பாடம் மனத்தில் ஏறாமல் போகும் நாட்களும் எங்களுக்குத்தான். மழைக்கு விடுமுறை விட ஆட்சியருக்கு அதிகாரம் இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேருக்கும் நாகூர் கந்தூரிக்கும் உள்ளூர் விடுமுறை விட்டு, அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக்கவும் அதிகாரம் இருக்கிறது. அதே முறையை வெயிலுக்கும் வைத்தால் எந்தச் சட்டம் தடுக்கிறது?

இது நாட்டில் யாரும் செய்யாத புதுமையும் அல்ல. ஜம்முவில் கோடை விடுமுறை, காஷ்மீரில் நீண்ட குளிர்கால விடுமுறை என்று ஒரே நிர்வாகத்தின் கீழ் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மார்ச் மாதத்தின் நடுவிலிருந்தே அரை நாள் பள்ளி நடத்துகிறார்கள். எங்கள் பக்கத்திலேயே, நாகூரைத் தாண்டி வாஞ்சூர்ச் சோதனைச் சாவடியைக் கடந்தால் காரைக்கால் வந்துவிடும். அங்கே பள்ளி திறக்கும் நாளைப் புதுச்சேரி அரசு தனியாக முடிவு செய்கிறது. ஒரு சாவடிக்கு இரண்டு பக்கமும் இரண்டு முடிவுகள் இருக்கலாம் என்றால், பொள்ளாச்சிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இருக்கக் கூடாதா?

பாடத்திட்டம் முடியாது, பொதுத்தேர்வு மாநிலம் முழுவதும் ஒரே நாளில் நடக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். என் மூத்தவனும் அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு எழுதப் போகிறவன்தான். ஆனால் தை, மாசி மாதங்களில் எங்கள் ஊரில் இருக்கும் இதமான பருவத்தில் சில சனிக்கிழமைகளைச் சேர்த்தால் அந்த நாட்களை ஈடுகட்டிவிடலாம். ஜூன் முதல் வாரத்தில் வியர்வை வழியும் கையோடு நோட்டுப் புத்தகத்தின் தாள் நனைய நனைய எழுதும் பிள்ளைக்கு அன்றைய பாடத்தில் எவ்வளவு மனத்தில் தங்குகிறது என்பதை, வகுப்பு எடுக்கும் எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். தேதியை மாற்ற முடியாது என்றால் நேரத்தையாவது மாற்றட்டும். காலை எட்டு மணிக்குத் தொடங்கி மதிய உணவோடு வீட்டுக்கு அனுப்பலாம். சத்துணவை நம்பி வரும் பிள்ளைக்கும் ஒரு வேளைச் சோறு தவறாது.

வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் எங்கள் தெருத் தாய்மார்கள் பதினோரு பேர் கையெழுத்திட்டு மனு கொடுக்கப் போகிறோம். தண்ணீர் கடைமடைக்கு வரும் வரை, அல்லது ஜூன் மூன்றாம் வாரம் வரை, தொடக்கப் பள்ளிகளுக்கு அரை நாள் போதும். அட்டைக் கூரை போட்ட வகுப்பறைகளுக்கு மேலே தென்னங்கீற்றைப் பரப்பாமல், இப்போதைக்கு வெள்ளைச் சுண்ணாம்பாவது அடித்துக் கொடுங்கள். கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வர வேண்டும். இவ்வளவுதான் அதில் எழுதியிருக்கிறோம். மனுவின் கடைசி வரியை என் மகளே எழுதினாள், ரத்தக் கறை போகாத அந்தச் சட்டை இன்னும் கொடியில் காய்கிறது.