மயில்துத்தம்: குடிநீர் வரம்பு குளத்துக்குப் பொருந்தாது

"குடிநீரிலேயே லிட்டருக்கு 2 மி.கி. செம்பு இருக்கலாம், அதனால் மீன்குளத்தில் ஏக்கருக்கு 10 கிலோ மயில்துத்தம் பயமில்லாமல் போடலாம்" என்று சொல்வது தவறு. மயில்துத்தம் என்பது பாசியைக் கொல்லக் குளத்தில் போடும் செம்பு சல்பேட். தயவுசெய்து யாரும் அப்படிப் போட்டுவிடாதீர்கள். அந்த 2 மி.கி. மனிதர் குடிப்பதற்கான வரம்பு. நுண்பாசியையும் டாப்னியா என்ற சிறு நீர்ப்பூச்சியையும் லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் செம்பே பாதிக்கும்.

அளவை முடிவு செய்வது ஏக்கர் அல்ல, தண்ணீரின் காரத்தன்மை. மொத்தக் காரத்தன்மையை (pH அல்ல; தண்ணீரில் உள்ள கார்பனேட், பைகார்பனேட்டைக் காட்டும் அளவு, லிட்டருக்கு மி.கி. கால்சியம் கார்பனேட் என்று சொல்வது) 100-ஆல் வகுத்தால் லிட்டருக்கு எத்தனை மி.கி. மயில்துத்தம் என்பது வரும். காரத்தன்மை 100 என்றால் 1 மி.கி.; ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஏக்கர் குளத்துக்குச் சுமார் 4 கிலோ. 50-க்குக் கீழே இருந்தால் போடவே கூடாது: செம்பைப் பிடித்துவைக்கக் கார்பனேட் போதாது, தனி அயனியாகவே (மின்னூட்டமுள்ள செம்பு அணுவாக) தண்ணீரில் நின்று மீனின் செவுளைத் தாக்கும். 250-க்கு மேல் போனால் செம்பு படிந்து அடிச்சேற்றில் சேரும், பாசியும் சாகாது.

அளவு சரியாக இருந்தாலும் முழுக் குளத்துக்கும் ஒரே நாளில் போடாதீர்கள். செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜன் இறங்கி, விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். மூன்றில் ஒரு பங்குப் பரப்புக்கு மட்டும் போட்டு, ஏரேட்டரை (காற்றூட்டும் கருவியை) ஓடவிடுங்கள்.

மயில்துத்தத்துக்குப் பதிலாக "நானோ செம்பு (மிக நுண்ணிய செம்புத் துகள்) கரையாது, பாதுகாப்பானது" என்பதும் சரியில்லை. செம்பு ஆக்சைடு நானோதுகள் மெல்ல அயனியை விடும், அமிலத்தன்மை கூடினால் இன்னும் வேகமாக. ஆய்வகத்தில் தண்ணீரை வடிகட்டும் 0.45 மைக்ரான் வடிகட்டியில் இந்தத் துகளும் சேர்ந்தே இறங்கிவிடுவதால், 'கரைந்த செம்பு' என்று வரும் ஆய்வக எண்ணை வைத்து அயனி எவ்வளவு என்று சொல்ல முடியாது.