பாசம் பாதி, கணவாய் பாதி

தென் அட்லாண்டிக்கில் பிரிட்டனின் ஆளுகையில் இருக்கும் ஃபாக்லாந்து தீவுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அங்குள்ள உள்ளூர் பத்திரிகைக் கருத்தை 'பிரிட்டன் பாசம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! 2013 வாக்கெடுப்பில் பிரிட்டனோடு இருக்க வேண்டாம் என்றவர்கள் மூன்றே பேர், வேண்டும் என்றவர்கள் 1,513. சரிதான். ஆனால் அதன் பின்னால் இருக்கும் பணக்கணக்கைத் தொடவே இல்லை.

1982-இல் அர்ஜென்டினாவோடு நடந்த போருக்கு முன் அங்கே ஆட்டு ரோமம்தான் பிழைப்பு. நிலத்தில் பெரும்பகுதி வெளியூர் முதலாளிகள் கையில். 1987-இல் சுற்றுக்கடலில் மீன்பிடி உரிமம் விற்கத் தொடங்கியதும் நிலைமையே மாறிப்போனது. எல்லாம் ஊசிக்கணவாய் செய்த வேலை (நம் ஊரில் வறுவல் போடுகிறோமே, அதே வகைதான்). இன்று பாதுகாப்புச் செலவு மட்டுமே லண்டன் தலையில். மற்றதை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட் வாக்கெடுப்பில் இவர்களுக்கு ஓட்டே கிடையாது. ஆனாலும் 2021 முதல் ஸ்பெயினுக்குப் போகும் கணவாய்க்குச் சுங்கவரி விழுந்தது. உள்ளூர்க்காரர்களின் உண்மையான கவலை இந்த இடத்தில்தான். 1979-இல் தொடங்கிய 'பெங்குயின் நியூஸ்' ஊரின் ஒரே வாரப் பத்திரிகை. சுமார் 3,500 பேர் வாழும் ஊரில் தலையங்கம் எழுதுபவர் மறுநாள் கடையில் சட்டமன்ற உறுப்பினரையே எதிரில் பார்க்க வேண்டும். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு படியுங்கள், சார்.