தேவாலயம் நகர்ந்தது, ஊர் நகரவில்லை

ஸ்வீடனின் கிருணா ஊரில் ஒரு தேவாலயத்தை அப்படியே வண்டியில் ஏற்றி நகர்த்திய காணொளி மறுபடி சுற்றுகிறது. "நடக்கும் நகரம் வந்தாச்சு" என்று தலைப்பு வேறு. மறுத்துப் பேசினால் "கற்பனை வறண்டவர்கள்" என்கிறார்கள். வலிக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஸ்வீடனின் வடக்கே 1912ல் கட்டிய மரத் தேவாலயம் அது. எடை 672 டன். 2025 ஆகஸ்டில் 5 கிலோமீட்டர் போக இரண்டு நாள் ஆனது. அதற்காக 9 மீட்டர் சாலையை 24 மீட்டராக அகலப்படுத்தினார்கள், ஒரு பாலத்தையே பிரித்தார்கள். அதை யாரும் பகிரவில்லை. கனமான எதை நகர்த்துவதாக இருந்தாலும் முதலில் தரையைத் தயார் செய்ய வேண்டும்.

1964ல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் ரான் ஹெரான் வரைந்த, ராட்சதக் கால்களில் நடக்கும் நகரம் அபாரமான ஓவியம். "கதைதானே, விடுங்களேன்" என்பவர்களுக்கு: கதையாக இருக்கும்வரை எனக்கும் சம்மதமே. நாளைய நகரத்துக்கு அதுதான் வழி என்னும்போது கணக்குப் பார்த்தாக வேண்டும். நடக்கிறபோது ஒரு கால் மேலே இருக்கும், அதன் பாரமும் ஊன்றிய கால்களில் இறங்கும். ஈரக் களிமண் என்றால் கால் புதையும், நகரம் சாயும். ராக்கெட் சுமக்கும் நாசா ஊர்திக்குச் சக்கரத்துக்குப் பதிலாக எட்டுச் சங்கிலிப் பட்டைகள், அவற்றில் 456 தகடுகள், தகடு ஒன்று ஏறக்குறைய ஒரு டன். அப்படிப் பாரத்தைப் பரப்பியும் அதற்கென்றே ஏழடி கனத்துக்குத் தனிப் பாதை போட்டு, மேலே ஆற்றுக் கூழாங்கல் கொட்டியிருக்கிறார்கள். சுமையோடு அதன் வேகம் மணிக்கு 1.6 கிலோமீட்டர்தான்.

"ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்களே?" தூக்கலாம். அஸ்திவாரத்தில் துளையிட்டு, இரும்பு உத்தரம் நுழைத்து, எல்லா ஜாக்கியையும் ஒரே அளவில் ஏற்ற வேண்டும். ஒரு மூலை முந்தினால் சுவர் குறுக்கே வெடிக்கும். செங்கல் சுவர் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதுவும் ஒரே ஒரு வீட்டுக்கு. ஊர் என்றால் குடிநீர்க் குழாய், மின்கம்பி, சாக்கடை எல்லாம் உண்டு. சாக்கடை சரிவை நம்பி ஓடுவது. தினம் இடம் மாறும் ஊரில் அந்தச் சரிவுக்கு எங்கே போவது?

கிருணாவே இதற்குச் சாட்சி. இரும்புத் தாதுப் படிவம் ஊருக்கு அடியில் சரிந்து போகிறது. தோண்டத் தோண்ட மேலே நிலம் விரிசல் விடுகிறது. ஊரை மாற்ற வேண்டும் என்று 2004லேயே சுரங்க நிறுவனம் சொல்லிவிட்டது. சுமார் 6000 பேர் இடம் மாற வேண்டிய திட்டம். தேவாலயம்போல ஒரு சில கட்டடங்கள்தான் வண்டி ஏறின. மற்றவற்றில் பெரும்பாலானவற்றை இடித்தார்கள். 1963ல் கட்டிய நகர மன்றத்தையும் விடவில்லை. அதன் மணிக்கூண்டை மட்டும் எடுத்துப்போய்ப் புது மன்றத்தின் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

வீடு இடிபட்டவர்களின் ஊரைக் காட்டி "நகரம் நடக்கிறது" என்று கைதட்டாதீர்கள்.