கடைசிப் பந்தியில் ஓடுகிறவர்கள்

போன வாரம் எங்கள் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு சண்டை. கிளப்பிவிட்டது நான்தான் என்பதால் முழுசாக இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்கு முழங்கால் வலி. வருகிற ஆஃப் மாரத்தானில், அதாவது 21 கிலோமீட்டர் ஓட்டத்தில், ஓடப்போவதில்லை. கட்டிய பணம் திரும்பி வராது. பிப், அதாவது பதிவு செய்தவர்கள் நெஞ்சில் குத்திக்கொண்டு ஓடும் எண் சீட்டு, சும்மாதான் கிடக்கும். நண்பர் ஒருவர் கேட்டார்: "உங்க பிப்பை எனக்குக் கொடுங்களேன் சார், வீணாத்தானே போகுது?" மாட்டேன் என்றேன். "சரி விடுங்க, பிப் இல்லாமலே ஓடிக்கிறேன். ரோடு என்ன அவங்க அப்பன் வீட்டு ரோடா?" என்றார். குழுவில் பாதிப்பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

ரோடு யார் அப்பன் வீட்டுதும் இல்லை, வாஸ்தவம். ஆனால் அதே ரோட்டில் சனிக்கிழமை காலையில் ஓடிப் பாருங்கள். பின்னால் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கும், முன்னால் நாய் நிற்கும், எதிர்த்திசையில் ஒரு பைக் வரும். ஞாயிற்றுக்கிழமை அதெல்லாம் இல்லை என்றால், யாரோ மாதக்கணக்கில் காவல்துறைக்கும் மாநகராட்சிக்கும் நடந்திருக்கிறார்கள், ஆம்புலன்ஸுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ரோடு இலவசம்தான். அன்றைக்கு லாரி வராமல் இருப்பதற்குத்தான் காசு.

நான் ஒன்றும் உத்தமன் இல்லை. ஆறேழு வருஷத்துக்கு முன்னால் இதையே செய்திருக்கிறேன். பதிவு முடிந்துவிட்டது, குழுவில் எல்லோரும் ஓடுகிறார்கள், ஒரே ஒரு ஆள்தானே என்று விடியற்காலை இருட்டில் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டேன். ஒவ்வொரு மேஜையிலும் கையை நீட்டினேன். தண்ணீர், எனர்சால் பானம், உப்புத் தொட்ட ஆரஞ்சுச் சுளை, எதையும் விடவில்லை. முடித்துவிட்டு வாழைப்பழமும் தின்றுகொண்டே, காரை எடுப்பதற்காக வந்த வழியே திரும்பி நடந்தேன். அதற்குள் மணி எட்டரை இருக்கும், சென்னை வெயில் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. கடைசிக்கு முந்தைய தண்ணீர் மேஜையில் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். வாலண்டியர் பையன் இருபது லிட்டர் கேனைத் தலைகீழாகச் சாய்த்துப் பிடித்திருந்தான். அரை டம்ளர் கூட வரவில்லை. "பின்னாடி வண்டி வருது ஆன்ட்டி" என்றான். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு நடந்தார். அவருடைய பனியனில் பிப் குத்தியிருந்தது.

அது நான் குடித்த தண்ணீர்தான் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு எத்தனை பேர் 'ஒரே ஒரு ஆள்தானே' என்று வந்தார்களோ. ஆனால் அந்தப் பழத்தோலை எங்கே போடுவது என்று தெரியாமல் கார் வரைக்கும் கையிலேயே வைத்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இதைக் குழுவில் எழுதினேன். நண்பர் விடவில்லை: "கல்யாண வீட்டில் கூப்பிடாதவன் ரெண்டு பேர் சாப்பிட்டா குறைஞ்சா போயிடும்?" நல்ல கேள்வி. சமையல்காரர் இலைக் கணக்குக்கு மேலே கொஞ்சம் கூட்டித்தான் உலை வைப்பார். ஆனால் கூப்பிடாமல் வருகிறவன் எந்தப் பந்தியில் உட்காருவான்? முதல் பந்தியில். வடை, பாயசம், அப்பளம் எல்லாம் அவனுக்கு உண்டு. கடைசிப் பந்தியில் உட்காருவது வீட்டுக்காரர்களும், பரிமாறிக் களைத்தவர்களும்தான். சாம்பார் தீர்ந்து ரசத்தில் ஆரம்பிப்பது அவர்களுக்குத்தான். ஓட்டத்திலும் அதே கதை. பிப் இல்லாமல் வருகிறவர் பெரும்பாலும் நன்றாக ஓடத் தெரிந்தவர், நம் நண்பரைப் போல. அவர் குடிப்பது நிரம்பிய மேஜையில். குறைவது மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டு வெயிலில் வருகிறவருக்கு. அமைப்பாளரை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம், அவருக்குக் கைநஷ்டம் ஒன்றுமே இல்லை.

அப்புறம் ஒருவர் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானின் அந்தப் பிரபலமான புகைப்படத்தைப் போட்டார். 1967, பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத காலம். காத்ரின் ஸ்விட்சர் என்ற பெண்ணை ஓடவிடாமல் பந்தய அதிகாரி ஜாக் செம்பிள் பிடித்து இழுக்கும் படம். "இவங்களும் அனுமதி இல்லாமதான் ஓடினாங்க" என்று கீழே ஒரு வரி. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் ஐயா, 261 என்று எண் தெரியும். கே.வி. ஸ்விட்சர் என்று முதலெழுத்துப் போட்டுப் பதிவு செய்து வாங்கிய எண். செம்பிள் பிடுங்கப் பார்த்ததே அதைத்தான்.

எண் இல்லாமல் ஓடியவர் வேறொருவர், பாபி கிப். முந்தைய வருஷம், 1966. முறையாக விண்ணப்பித்தார். பெண்ணின் உடம்பு அவ்வளவு தூரம் தாங்காது என்று கடிதம் வந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து நாள்கணக்கில் பஸ்ஸில் வந்து, தொடங்கும் இடத்துக்குப் பக்கத்துப் புதரில் ஒளிந்திருந்து கூட்டத்தோடு கலந்தார். 3 மணி 21 நிமிடத்தில் முடித்தார். அடுத்த இரண்டு வருஷமும் அப்படியே ஓடினார். பாஸ்டனில் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது 1972-ல்தான். அந்த மூன்று வருஷங்களுக்கு, 1966, 67, 68, பெண்களில் முதலிடம் இவருக்கே என்று அமைப்பாளர்கள் ஒப்புக்கொண்டது 1996-ல். கதவையே வைக்காத வீட்டில் சுவரேறிக் குதித்தவர் அவர். நமக்குக் கதவு திறந்துதான் இருந்தது, இரண்டு மாதம். நாம்தான் தூங்கிவிட்டோம்.

பாஸ்டனில் ரொம்பக் காலம் எண் இல்லாதவர்களைக் கண்டும் காணாமல் விட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகளும் உள்ளூர்க்காரர்களும் கூட்டத்தின் வாலில் சேர்ந்து ஓடுவது ஒரு வழக்கமாகவே இருந்தது. 2013-ல் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் குண்டு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அடுத்த வருஷம் அந்தச் சலுகை போயிற்று. ரோட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டிய காலம் வந்துவிட்டது.

என் பிப்பை நான் கொடுக்காததற்கும் இதுதான் காரணம். அதன் பின்பக்கம் என் பெயர், என் ரத்தப் பிரிவு, என் மனைவியின் போன் எண் எழுதியிருக்கும். நண்பர் பதினெட்டாவது கிலோமீட்டரில் மயங்கி விழுந்தால் போன் என் வீட்டுக்கு வரும். நான் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பேன். அவர் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆணின் சிப்பை, அதாவது ஓடும் நேரத்தைக் கணக்கிடும் சில்லை, கட்டிக்கொண்டு பெண் ஓடுவது, மனைவியின் சிப்பைக் கட்டிக்கொண்டு கணவன் ஓடி வயதுப்பிரிவுப் பரிசுப் பட்டியலைக் குழப்புவது, அந்தக் கூத்தெல்லாம் தனி.

கட்டணம் அதிகம் என்பதை மறுக்கவில்லை. யாருக்கும் தேவைப்படாத பனியனையும் பையையும் தலையில் கட்டி ஆயிரத்துச் சொச்சம் வாங்குகிறார்கள். காவலர் தேர்வுக்காக மைதானத்தில் கிழிந்த ஷூவோடு சுற்றுகிற பையன்களால் அதைக் கட்ட முடியாது. அவர்களுக்குச் சலுகை வேண்டும் என்று யார் கேட்டாலும் முதல் கையெழுத்து என்னுடையது. பிப்பை முறையாகப் பெயர் மாற்றிக்கொள்ளவும் ஒரு வழி வேண்டும். இருந்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. ஆனால் என்னிடம் பிப் கேட்டவர் கையில் கட்டியிருக்கும் வாட்ச், என்னுடைய பத்து வருஷ நுழைவுக் கட்டணத்துக்கு மேலே இருக்கும்.

நண்பரை உற்சாகப்படுத்த, கையில் சொந்தப் பாட்டிலோடு ஓரமாக இரண்டு கிலோமீட்டர் கூட ஓடுகிறீர்களா? விதியில் அதற்கும் இடமில்லாத பந்தயங்கள் உண்டு, ஆனாலும் எனக்குக் கோபம் வராது. முடிவுக்கோட்டுக்கு முன்னால் ஒதுங்கிவிடுங்கள், மெடலுக்குக் கை நீட்டாதீர்கள், போதும்.

நான் ஓடவில்லை என்பதால் அன்றைக்கு வாலண்டியராகப் பெயர் கொடுத்திருக்கிறேன். பதினாறாவது கிலோமீட்டர் தண்ணீர் மேஜை. நண்பர் பிப் இல்லாமல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று குழுவில் கேட்டார்கள். கொடுத்துவிடுவேன். தவித்த வாய்க்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல என்னால் ஆகாது. அது அவருக்கும் நன்றாகத் தெரியும்.