எதுவரைக்கும் என்று கேட்பதும் ஜெபம்தான்

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எங்கள் சபைச் சகோதரி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இப்போதெல்லாம் ஜெபிக்கவே வரவில்லை அக்கா. முழங்கால் போட்டால் அழுகைதான் வருகிறது. ஆண்டவர் கோபித்துக்கொள்வாரா?" என்று கேட்டாள். அவள் கணவருக்கு வேலை போய் நான்கு மாதமாகிறது. கூட்டத்துக்கு நடுவில் நின்றபடி என்ன சொல்ல முடியும்? இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். அவளைப் போல இன்னும் பலர் இருப்பீர்கள்.

என் அப்பா காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் வேலை பார்த்தவர். கொக்கி போட்டு ஐஸ் பாரை இழுத்து, இயந்திரத்தில் அரைத்து, கூடை கூடையாக விசைப்படகின் கிடங்கில் கொட்டுகிற வேலை. குளிரில் மரத்து மரத்து அவருடைய வலது கை விரல்கள் முழுதாக மடங்காமல் போயின. இரவு குடும்ப ஜெபத்தில் நாங்கள் எல்லோரும் கைகூப்பியிருக்கும்போது, அவர் கைகளுக்கு நடுவில் மட்டும் ஓர் இடைவெளி இருக்கும். உள்ளே ஒரு குருவிக்குஞ்சைப் பிடித்து வைத்திருப்பவர் போல உட்கார்ந்திருப்பார்.

ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள். 2017 முதல் ஜூன் 14 வரை 61 நாள். படகு போகாவிட்டால் ஐஸ் யாருக்கு? எங்கள் வீட்டு அடகுச் சீட்டுகள் எல்லாம் அந்த நாட்களில் சேர்ந்தவைதான். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, அப்போது ஜெபத்தைச் சுற்றி வளைக்க மாட்டாள். "ஆண்டவரே, அரிசி" என்பாள். அடுத்து "மண்ணெண்ணெய்" என்பாள். சிறுவயதில் எனக்கு அது கூச்சமாக இருந்தது. அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கச் சொல்லித்தானே இயேசு கற்றுக்கொடுத்தார்? ஆயா அதைச் சொன்னபடி செய்தாள், அவ்வளவுதான்.

பிறகு அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். பதினான்கு மாதம் அப்படி ஓடியது. டயாலிசிஸில் இருப்பவர்கள் வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் அந்தத் தாகம் தெரியும். தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும். அளவு மீறினால் உடம்பில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு திணறும். மே மாத வெயிலில் அப்பா நாக்கு ஒட்டிக்கொண்டு கிடப்பார். அம்மா ஒரு சிறிய ஐஸ் துண்டை வாயில் போடுவாள். ஒருநாள் அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டே, கூரையைப் பார்த்து, "ஆண்டவரே, எத்தனை டன் தூக்கியிருப்பேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கண்ணோரம் நீர் வழிந்து காதில் இறங்கியது. ஆமென் இல்லை, ஸ்தோத்திரம் இல்லை. நான் கேட்ட ஜெபங்களிலேயே பெரியது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்த நாட்களில் வெளியூரிலிருந்து ஓர் ஊழியக்காரர் வீட்டுக்கு வந்தார். தலையில் கை வைத்து உரக்க ஜெபித்தார். பிறகு, இந்த வீட்டில் விசுவாசம் குறைவாக இருக்கிறது, அதனால்தான் சுகம் தடைபடுகிறது, மருந்தையே நம்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு அப்பா என்னைக் கூப்பிட்டு, "நான் சரியாக நம்பவில்லையா அம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கேட்ட அப்பாவை அல்ல, கேட்க வைத்த மனிதரை. மன்னிக்க ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நோயாளியின் தலையணைக்குப் பக்கத்தில் நின்று அவனுடைய விசுவாசத்தை எடைபோடாதீர்கள். டயாலிசிஸ் இயந்திரத்தை ஓட்டிய செவிலியரின் கையையும் ஆண்டவர்தான் அனுப்பினார் என்று நாங்கள் நம்பினோம். இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன்.

வேதத்தை ஒழுங்காகத் திறந்து பார்த்தால் அது அழுகிறவர்களின் புத்தகமாக இருக்கிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்குகிறது 13-ஆம் சங்கீதம். 88-ஆம் சங்கீதமோ கடைசி வரை இருட்டிலேயே முடிகிறது. ஒரு வரி ஆறுதல்கூட ஒட்ட வைக்கவில்லை. அதையும் ஜெபமாகவே சேர்த்து வைத்திருக்கிறார்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றாரே, அவருக்கு வந்த பதில் என்ன? பிரசங்கம் வரவில்லை, கடிந்துகொள்ளுதல் வரவில்லை. ஒரு தூதன் தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். சுட்ட அடையும் தண்ணீரும் வைத்திருந்தான்.

எங்களுக்கும் அப்படித்தான் பதில் வந்தது. சபையின் பெண்கள் ஜெபக்குழுவிலிருந்து நான்கு பேர் முறை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அம்மாவை டிபன் பாக்ஸோடு உட்கார வைத்துச் சாப்பிடச் செய்துவிட்டு, பக்கத்தில் மௌனமாக இருப்பார்கள். எதிர்வீட்டு அக்கா மாரியம்மனைக் கும்பிடுகிறவர். அவர் பெரம்பூர் லூர்து மாதா கோயிலுக்குப் போய் அப்பாவுக்காக மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார். நாங்கள் அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. அந்த மெழுகுவத்தியை அம்மா ஒருநாளும் மறந்ததில்லை.

இந்தக் கரையில் ஜெபம் என்பது அப்படி வளர்ந்ததுதான் என்று தோன்றுகிறது. ராயபுரத்தில் பேதுரு ஆலயம் இருக்கிறதே, 1829-இல் கட்டியது, அதைக் கட்டியவர்கள் படகுக்காரர்கள். சென்னைக்குத் துறைமுகமே இல்லாத காலம். கப்பல் ஆழத்தில் நிற்கும். ஆளையும் சரக்கையும் அலைக்குள் படகு விட்டுத்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும். தினமும் அலையைத் தாண்டிப் பிழைத்தவர்கள், தங்கள் சம்பாத்தியத்தில் மீனவனான பேதுருவின் பெயரால் கோயில் எழுப்பினார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவர்களுடைய பயத்தை நினைத்துக்கொள்வேன்.

அப்பா இறந்துபோனார். நாங்கள் கேட்ட சுகம் கிடைக்கவில்லை. இதை மறைத்துவிட்டுச் சாட்சி சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அடக்கம் முடிந்த இரவில் அம்மா முழங்கால் போட்டு "ஆண்டவரே" என்றாள். அடுத்த வார்த்தை வரவில்லை. வெகுநேரம் அப்படியே இருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கவில்லை என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் விளக்கத் தெரியாது. விடிந்தபோது அம்மா எழுந்து அடுப்பு மூட்டினாள்.

அப்பாவின் பெட்டியில் ஒரு கணக்கு நோட்டு கிடைத்தது. எந்தப் படகுக்கு எத்தனை பார் ஏற்றினார் என்று நான்கு கோடும் குறுக்கே ஒரு கோடுமாகப் போட்டு வைத்திருந்தார். கூலியில் கைவைப்பவர்கள் இருந்ததால் அந்தப் பழக்கம். கடைசிப் பக்கத்தில் 56-ஆம் சங்கீதத்திலிருந்து ஒரு வசனத்தைத் தன் கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்: "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும், அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?" துருத்தி என்றால் தோல் பை. கணக்கில் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

ஆகவே தங்கையே, அழுகை வந்தால் அழு. அதற்குமேல் வார்த்தை தேட வேண்டாம். செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டில் கூடுகிறோம். நீ ஜெபிக்க வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வா, சமைக்காமல் வா. இட்லி ஊற்றி வைக்கிறேன்.